லாடம் கட்டுவதா, லாடம் அடிப்பதா?

பிழைதிருத்தி:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு நாவலுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1950-களின் மதுரை, ஜட்கா வண்டிக்காரர் ஒருவரின் கதை. எழுத்தாளர் சில இடங்களில் 'குதிரைக்கு லாடம் கட்டினான்' என்று எழுதியிருக்கிறார். பதிப்பகத்தில் ஒருவர் அதையெல்லாம் 'லாடம் அடித்தான்' என்று மாற்றிவிட்டார். குளம்பில் ஆணி வைத்து அடிக்கிற இரும்பை எப்படிக் கட்ட முடியும் என்பது அவர் கேள்வி. எழுத்தாளருக்கோ கோபம். "என் அப்பா காலத்திலிருந்து கட்டுவதுதான், நீங்கள் எதை வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதி அனுப்பிவிட்டார். நடுவில் மாட்டிக்கொண்டது நான்.

எது சரி? இரண்டும் சரியென்றால், எந்த இடத்தில் எது? தொழில் தெரிந்தவர்கள், மாடு வைத்திருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். அகராதியை மட்டும் புரட்டிவிட்டுச் சொல்ல வேண்டாம், அதை நானும் புரட்டிவிட்டேன்.

ரெட்டைச்சுழி:
போலீஸ்காரர் கட்டுவார், ஆசாரி அடிப்பார். பஞ்சாயத்து முடிந்தது, எல்லோரும் கிளம்பலாம்.

தாராபுரத்தான்:
ரெட்டைச்சுழி அண்ணா, கிளம்பாதீங்க, உட்காருங்க.

எங்கள் வீட்டில் வண்டி மாடு இருந்தவரைக்கும் இரண்டையும்தான் சொல்வோம். "மாட்டுக்கு லாடம் கட்டணும், சந்தைக்கு ஓட்டிக்கிட்டுப் போ" என்பார் தாத்தா. அங்கே போனால் லாடக்காரர், "இந்தக் கால் அடிச்சாச்சு, அடுத்த காலைப் புடி" என்பார். மொத்த வேலைக்குக் 'கட்டுறது'. சுத்தியல் விழுகிற நேரத்துக்கு 'அடிக்கிறது'. யாரும் யோசித்துச் சொன்னதில்லை, அதுவாக வந்தது.

மாட்டுக்கு லாடம் கட்டுவதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். குதிரையைப் போல மாடு நின்றுகொண்டே காலைக் கொடுக்காது. கயிறு போட்டுச் சாய்க்க வேண்டும். முன்னங்காலிலும் பின்னங்காலிலும் கயிற்றை வாங்கி, வாலைப் பிடித்து ஒருவர் தள்ள, கொம்பைப் பிடித்து ஒருவர் திருப்ப, மாடு பொத்தென்று விழாமல் மெல்லச் சாயும். அந்த 'மெல்ல'வில்தான் அனுபவம் தெரியும். சாய்ந்ததும் நான்கு காலையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அப்புறம்தான் உளியால் குளம்பைச் சீவுவது, தகட்டை வைப்பது, ஆணி இறக்குவது எல்லாம். எனக்குத் தோன்றுவது, காலைக் கட்டுவதால்தான் லாடம் 'கட்டுவது' என்று வந்திருக்கும்.

பிழைதிருத்தி:
அருமை, நன்றி. தகடு என்கிறீர்களே, நாம் படத்தில் பார்க்கும் 'ப' மாதிரி வளைந்ததுதானே?

தாராபுரத்தான்:
இல்லைங்க. அது குதிரைக்கு. மாட்டுக்குக் குளம்பு பிளந்திருக்கும் இல்லையா, அதனால் ஒரு காலுக்கு இரண்டு தகடு. பிறை மாதிரி, மெல்லிசாக இருக்கும். நாலு காலுக்கு எட்டு. குதிரைக்கு மொத்தமே நாலுதான். அட்டைப்படத்தில் மாட்டு வண்டியைப் போட்டுப் பக்கத்தில் குதிரை லாடத்தை வரைந்து வைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குளம்பு டாக்டர்:
கால்நடை மருத்துவராக இருக்கிறேன், ஊட்டிப் பக்கம் குதிரைகள் நிறையப் பார்த்திருக்கிறேன். தாராபுரத்தான் சொன்னதோடு குதிரை பக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன், நாவல் குதிரையைப் பற்றியது என்பதால்.

குதிரையின் குளம்பு நம் நகம் போன்றதுதான். மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வளரும். லாடம் அடித்துவிட்டால் தரையில் தேயாது, வளர்ந்துகொண்டே போகும். அதனால் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு முறை லாடத்தைக் கழற்றி, வளர்ந்ததைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும். லாடம் தேயாமல் நன்றாக இருந்தாலும் இதைச் செய்தாக வேண்டும். நாவலில் ஜட்காக்காரர் வருஷத்துக்கு ஒரு முறை லாடம் கட்டுவதாக எங்கேயாவது இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.

ஆணி விஷயம் இன்னும் நுணுக்கம். அடிப்பக்கத்திலிருந்து பார்த்தால் குளம்பின் ஓரச் சுவருக்கும் உள்ளங்காலுக்கும் நடுவே வெளிர் நிறத்தில் ஒரு கோடு தெரியும். ஆணி அந்தக் கோட்டிலோ அதற்கு வெளியிலோ இறங்க வேண்டும். உள்ளே போனால் உயிர்ச் சதை. லாட ஆணி சாதாரண ஆணி மாதிரி உருண்டை இல்லை, பட்டையாக இருக்கும். முனையில் ஒரு பக்கம் மட்டும் சாய்வாகச் சீவியிருப்பார்கள். அந்தச் சாய்வு காலின் உள்பக்கம் பார்த்து இருந்தால்தான், அடிக்க அடிக்க ஆணி வெளிப்பக்கமாக வளைந்து குளம்புச் சுவரில் முனை எட்டிப்பார்க்கும். திருப்பி வைத்து அடித்தால் நேரே சதைக்குள் போய்விடும். முனை வெளியே வந்ததும் சுத்தியலின் பிளவில் மாட்டி முறுக்கி ஒடித்துவிட்டு, மிச்சத்தை மடித்துத் தட்டி அரத்தால் தேய்ப்பார்கள். லாடம் நிற்பதே அந்த மடிப்பில்தான்.

தேர்ந்த கை சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடும். கெட்டியான சுவரில் இறங்கும் ஆணி கணீரென்று கேட்கும். மெத்தென்று கேட்டால் உடனே பிடுங்கிவிடுவார்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
நல்ல இழை. மொழிப்பக்கம் சிலவற்றைச் சொல்கிறேன்.

'லாடம்' தமிழ்ச்சொல் அன்று. லகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது, தொல்காப்பியம் தெளிவாகவே சொல்கிறது. பழைய ஏடுகளில் 'இலாடம்' என்று இகரம் சேர்த்து எழுதியதும் அதனால்தான். சங்கப் பாடல்களில் குதிரைக்குப் பெயருக்கா பஞ்சம்? பரி, புரவி, மா, இவுளி. பட்டினப்பாலையில் 'நீரின் வந்த நிமிர்பரிப் புரவி' கடல்வழியே வந்து இறங்குகிறது. ஆனால் அந்தக் காலத்துக் குதிரை வெறும் குளம்போடுதான் ஓடியது.

இதில் நமக்குக் குறை ஒன்றுமில்லை. ஐரோப்பாவிலேயே ஆணி அடித்த இரும்பு லாடம் 9, 10-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் பரவலாகிறது. அதற்கு முன்பு ரோமானியர்கள் இரும்புத் தட்டு ஒன்றைத் தோல்வாரால் குளம்போடு சேர்த்துக் கட்டினார்கள். ஜப்பானில் 19-ஆம் நூற்றாண்டுவரை குதிரைக்கு வைக்கோல் செருப்புப் பின்னிக் கட்டியிருக்கிறார்கள். ஆக, குதிரைக்குக் காலணியைக் 'கட்டுவது' உலகத்தில் நடக்காத காரியம் இல்லை.

ஒத்தக்கடை:
வாத்தியார் ஐயா, ராஜேந்திர சோழன் கல்வெட்டில் லாடம் வருகிறதே? 'தக்கணலாடம்', 'உத்திரலாடம்'. சோழனின் குதிரைப்படை பூட்டிய லாடம் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அந்தச் செய்தியை அனுப்பியவருக்கு என் அனுதாபம். போளூர்ப் பக்கம் திருமலையில் இருக்கும் கல்வெட்டின் மெய்க்கீர்த்தி, அதாவது அரசனின் புகழைச் சொல்லும் பகுதி அது. கங்கைப் படையெடுப்பில் வென்ற நாடுகளின் பட்டியல். தக்கணலாடம், வங்காள தேசம், உத்திரலாடம் என்று வரிசையாக வரும். வங்காளத்து ராட நாட்டின் தெற்குப் பகுதியும் வடக்குப் பகுதியும் அவை. நாட்டின் பெயர். குதிரைக் காலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. குஜராத்தின் தென்பகுதிக்கும் லாட தேசம் என்று பெயர் உண்டு, அது வேறு.

ஒத்தக்கடை:
அப்படியென்றால் எங்கள் ஊர் ஆனைமலை லாடன் கோயில்? நரசிங்கம் போகிற வழியில் மலையடிவாரத்தில் குடைந்த முருகன் கோயில், பாண்டியர் காலம். சின்ன வயசில் குதிரைக்கு லாடம் அடிக்கிற யாரோ கட்டியது என்றே நினைத்திருந்தோம்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அந்த லாடன் வடக்கேயிருந்து வந்த துறவி என்பார்கள். மதுரைப் பக்கக் கிராமங்களில் லாட சன்னாசி என்று சாமியே உண்டே. வடநாட்டுச் சன்னியாசி என்ற பொருளில் வந்த பெயர் என்று கொள்வதே பொருந்தும். எழுத்து ஒன்று, வேர் இரண்டு.

ஓசூர்க்காரன்:
எங்கள் ஊரில் காலையில் தமிழ், மத்தியானம் தெலுங்கு, சாயங்காலம் கன்னடம். அதனால் பக்கத்து வீடுகளில் கேட்டதைச் சொல்கிறேன்.

கன்னடத்தில் 'லாள'. தெலுங்கில் 'நாடா' என்பார்கள், 'லாடம்' என்றும் சொல்வார்கள். மலையாளத்தில் 'லாடம்'. மராத்தியிலும் இந்தியிலும் 'நால்'. ஒரே மொழியான தெலுங்கிலேயே நகரமும் லகரமும் மாறிமாறி வருவதைக் கவனியுங்கள். நால் என்பதே தெற்கே வரவர நாடா, லாள, லாடம் என்று உருண்டு வந்திருக்கும் என்பது என் கணிப்பு. எழுத்துகள் இடம் மாறிக்கொள்வது நமக்குப் புதிதா? குதிரையைக் குருதை என்கிறவர்களை நீங்கள் கேட்டதில்லையா?

அப்புறம், முக்கியமான விஷயம். கன்னடத்திலும் லாள 'கட்டுவார்கள்'. இந்தியில் நால் 'டோக்னா', அதாவது அடிப்பது என்றும் உண்டு, நால் 'பாந்த்னா', கட்டுவது என்றும் உண்டு. லாடக்காரருக்குப் பெயரே 'நால்பந்த்'.

பிழைதிருத்தி:
'பந்த்' என்றால் கட்டு என்ற பொருளா? கடையடைப்புக்குச் சொல்கிற பந்த்?

ஓசூர்க்காரன்:
அதே வேர்தான். பாரசீகத்தில் 'பஸ்தன்' என்றால் கட்டுவது, மூடுவது இரண்டும். 'பந்த்' அதிலிருந்து. குதிரைக்கு லாடம் பொருத்துவதைப் பாரசீகத்தில் 'நஅல் பஸ்தன்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'லாடம் கட்டுதல்'. பாரசீகக்காரனும் ஆணிதான் அடித்தான், ஆனால் வாயில் 'கட்டு' என்றுதான் சொன்னான்.

ஆக, பொருள் அங்கிருந்து வந்தபோது அதோடு சேர்ந்த வினையும் வந்திருக்கிறது. சொல்லை ஒலிமாற்றி எடுத்துக்கொண்டோம், வினையைத் தமிழாக்கிக்கொண்டோம். உங்கள் எழுத்தாளரின் அப்பா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

தாராபுரத்தான்:
என் காலைக் கட்டும் கதையைக் காலி பண்ணிட்டீங்களே ஓசூரு. ஆனாலும் ஒன்று. பாரசீகத்திலிருந்து வந்த பேச்சு எங்கள் ஊரில் நிலைத்து நின்றதற்கு அந்தக் கயிறும் ஒரு காரணம் என்பேன். கண்ணெதிரே கட்டுகிறார்கள், வாயிலும் கட்டு என்று வருகிறது, யார் மாற்றப்போகிறார்கள்?

காயல் காற்று:
நஅல் என்றதும் வந்தேன். அரபியில் அது செருப்பு. மனிதர் போடும் செருப்புக்கும் அதே சொல்தான். மதரஸாவில் படித்தவர்களுக்கு 'நஃலைன்' தெரிந்திருக்கும், நபிகளின் இரு பாதணிகள். அந்தச் சொல் குதிரைக்குப் போய், பாரசீகம் வழியாக இந்தியா வந்து, லாடமாகி, கடைசியில் மறுபடி மனிதர் செருப்புக்கே வந்துவிட்டது. தெருவோரத்தில் செருப்புத் தைப்பவரிடம் "குதிகாலுக்கு லாடம் அடிச்சுக் குடுங்க" என்று கேட்டிருக்கிறோமே.

எங்கள் கரைக்கும் இந்தச் சொல்லுக்கும் உள்ள தொடர்பையும் சொல்லியாக வேண்டும். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக்கு வந்தபோது காயல் துறையைப் பற்றி எழுதினார். ஹோர்முஸ், கிஷ், ஏடன் பக்கமிருந்து குதிரையோடு வரும் கப்பல் எல்லாம் இங்கே வந்து நிற்கும் என்கிறார். (அது பழையகாயலா காயல்பட்டினமா என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள், அதற்குத் தனி இழை போடலாம்.) பாண்டிய அரசர் வருஷத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குவார், அவர் சகோதரர்களும் அதே அளவு வாங்குவார்கள், ஆனால் வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சாது என்று எழுதுகிறார். காரணமாக அவர் சொல்வது, குதிரையைப் பராமரிக்கத் தெரியவில்லை, லாடம் அடிப்பவர்களும் இல்லை. அடுத்து வருவதுதான் அசல் வியாபாரம். குதிரை விற்கிற வணிகர்கள் லாடக்காரர்களைக் கூட்டி வருவதில்லை. அதோடு, வேறு லாடக்காரர் யாரும் அந்த நாட்டுக்குப் போய்விடாமல் தடுக்கவும் செய்கிறார்கள். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த வருஷ விற்பனை படுத்துவிடும் இல்லையா?

ரெட்டைச்சுழி:
ஆக, சர்வீஸ் சென்டர் திறக்காமல் வண்டியை மட்டும் விற்ற முதல் கம்பெனி.

குளம்பு டாக்டர்:
மார்க்கோ போலோ சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இதே கரையைப் பற்றி எழுதியதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே குதிரைக்கு வறுத்த பார்லியும் வெண்ணெயிட்ட தானியமும் காய்ச்சிய பாலும் கொடுக்கிறார்கள் என்கிறார். மருத்துவர் என்ற முறையில் எனக்கு லாடத்தைவிட அதுதான் கவலை. புல் தின்ன வேண்டிய வயிற்றில் அளவுக்கு மீறி மாவுச்சத்து போனால் குளம்புக்குள்ளேயே வீக்கம் வரும். குதிரை முன்னங்கால் ஊன்றாமல் பின்னுக்குச் சாய்ந்து நிற்கும். அந்த நோய் வந்த குதிரைக்கு எந்த லாடக்காரர் வந்தும் அப்போது பெரிதாகச் செய்திருக்க முடியாது. போதாக்குறைக்கு நம் கரையோர ஈரம். பாலைவனத்தில் வளர்ந்த குளம்பு இங்கே ஊறிப்போகும்.

லாடம் இல்லாததால் மட்டும் குதிரை சாகாது. மணலில், புல்தரையில் ஓடும் குதிரைக்கு லாடமே தேவையில்லாமலும் போகலாம். கல், ரோடு, பாரம் என்று வரும்போதுதான் கட்டாயமாகிறது.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
ஓசூர்க்காரர் சொன்னதற்கு ஓர் ஒத்தாசை. மராட்டியர் ஆவணங்களில் 'நாலபந்தி' என்றே ஒரு கணக்குத் தலைப்பு உண்டு. குதிரைவீரனுக்கு முன்பணமாகக் கொடுக்கும் தொகை. பெயர் லாடச் செலவு, உண்மையில் படைச் செலவு. தஞ்சையில் 1676 முதல் 1855 வரை மராட்டியர் ஆட்சி. இந்தப் பேச்சு நம் பக்கம் புழங்க அது ஒன்றே போதும்.

குதிரையோடு வந்த மற்ற சொற்களையும் பாருங்கள். லகான், சவாரி, சவுக்கு, சேணத்துக்கு ஜீனி. எல்லாம் பாரசீகம், உருது வழி. கடிவாளம், சேணம் என்ற நம் சொற்களும் கூடவே நின்றுவிட்டன. லாடத்துக்கு மட்டும் போட்டிக்குச் சொல் இல்லை, ஏனென்றால் பொருளே அவர்களோடு வந்தது. இப்போது சிலர் 'குளம்பணி' என்று ஆக்கிப் பார்க்கிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் 1950-இல் மதுரை ஜட்காக்காரர் வாயில் அதைப் போட்டுவிடாதீர்கள்.

கிளிநொச்சியான்:
இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு. எங்கட பக்கம் 'லாடன்' எண்டு னகரத்தில முடிச்சும் சொல்லுவினம். "மாட்டுக்கு லாடன் அடிக்கோணும்". நான் சின்னனில கேட்டது கூடுதலாக 'அடிக்கிறது'தான், 'கட்டுறது' குறைவு. சிங்களத்திலயும் 'லாடம' எண்டுதான் சொல் இருக்கு.

சவாரி (வண்டிலோட்டப் போட்டி) மாடுகளுக்கு மண் தரையில ஓடுறதால எப்பவும் லாடன் தேவைப்படாது. தார் றோட்டில பாரம் இழுக்கிற வண்டில் மாட்டுக்குத்தான் அது அவசியம். இண்டைக்கு வண்டிலும் குறைஞ்சு போச்சு.

பிழைதிருத்தி:
எல்லோருக்கும் நன்றி. ரெட்டைச்சுழி முதலில் சொன்னதையும் கேட்டுவிடுகிறேன். நாவலில் ஒரு காவல் நிலையக் காட்சியும் இருக்கிறது. அங்கே ஏட்டு, "லாடம் கட்டிருவேன்" என்கிறார். இது எப்படி வந்தது?

ரெட்டைச்சுழி:
இதற்கு மட்டும் ஜோக் அடிக்க மாட்டேன். ஆளை உட்காரவைத்துக் காலை நீட்டிப் பிடித்து, உள்ளங்காலில் லத்தியால் அடிப்பது. மாட்டைச் சாய்த்து, காலைக் கட்டி, அடிப்பாதத்தில் சுத்தியல் விழுவதைப் பார்த்தவன் எவனோ வைத்த பெயர். அடித்த தடம் வெளியே தெரியாது, ஆனால் நாள்கணக்கில் நடக்க முடியாது. சினிமாவில் சிரிப்பு வசனமாகப் போய்விட்டது. பத்திரிகையிலும் 'போலீசார் லாடம் கட்டினர்' என்று குஷியாகத் தலைப்பு வைக்கிறார்கள். சித்திரவதையை அப்படிச் சொல்லும்போது படிப்பவனுக்கு அது ஏதோ பாடம் புகட்டிய மாதிரிதான் தெரியும்.

தாராபுரத்தான்:
உண்மைதான். மாட்டுக்கு லாடம் கட்டுவது அது நடக்க வேண்டும் என்பதற்காக. இது நடக்கக் கூடாது என்பதற்காக.

ஓசூர்க்காரன்:
ஒன்று கவனித்தீர்களா? இந்தப் பொருளில் யாரும் 'லாடம் அடிப்பேன்' என்று சொல்வதில்லை. எப்போதும் 'கட்டுவேன்'தான். அடி என்ற சொல் நேரடியாகப் பொருந்துகிற இடத்திலேயே அதை விட்டுவிட்டுக் கட்டு என்கிறார்கள் என்றால், 'லாடம் கட்டு' என்பது அதற்கு முன்பே ஒட்டிக்கொண்ட ஒரே தொடராக இருந்திருக்க வேண்டும். பதிப்பகத்துக்காரரிடம் இதைக் காட்டுங்கள்.

ஒத்தக்கடை:
வாசற்படியில் லாடம் அடித்து வைப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே? எங்கள் தெருவில் பழைய வீடுகளில் நிலைக்கதவின் கீழ்க்கட்டையில் லாடம் பதித்திருப்பார்கள். இப்போது ஆன்லைனில் 'கறுப்புக் குதிரை லாட மோதிரம்', சனி தோஷம் போகும் என்று விற்கிறார்கள்.

குளம்பு டாக்டர்:
அந்த மோதிரத்தில் எத்தனை நிஜமாகக் குதிரைக் காலிலிருந்து வந்தது என்று கேட்டால் வியாபாரம் படுத்துவிடும். பந்தயக் குதிரைக்குப் பெரும்பாலும் எடை குறைந்த அலுமினிய லாடம். அதில் மோதிரம் செய்தால் சனி கண்டுகொள்வாரா தெரியவில்லை.

ஒத்தக்கடை:
ஹாஹா. திறந்த பக்கம் மேலே இருக்க வேண்டுமா கீழே இருக்க வேண்டுமா என்று எங்கள் வீட்டில் இன்னும் சண்டை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அதை விடுங்கள். பள்ளிக்கூடத்தில் 'லாடக் காந்தம்' என்று சொல்லிக்கொடுத்தோமே, அதுதான் எனக்கு வேடிக்கை. இருபது வருஷமாக வகுப்பில் காட்டியிருக்கிறேன். முன்பெல்லாம் "குதிரை லாடம் மாதிரி இருக்கும் காந்தம்" என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும். கடைசியில் வந்த பிள்ளைகளிடம் லாடம் என்றால் என்ன என்று கேட்டால் "காந்தம் சார்" என்றார்கள்.

காயல் காற்று:
அந்தியூருக்குக் கூட்டிப்போயிருக்க வேண்டும் ஐயா. ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும். மார்வாரி, கத்தியவாரி எல்லாம் வரும்.

தாராபுரத்தான்:
போயிருக்கிறேன். குதிரை பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் செல்ஃபிக்கு. வாங்க வந்தவர் யார் என்று கண்டுபிடிப்பது சுலபம். அவர் முகத்தைப் பார்க்க மாட்டார். குனிந்து காலைத் தூக்கி, லாடம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்.

குளம்பு டாக்டர்:
சரியான பார்வை. பழைய லாடத்தைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தாலே குதிரை எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிடும். முன்பக்கம் அதிகம் தேய்ந்திருந்தால் குதிகாலில் ஏதோ வலி, அதனால் விரலால் ஊன்றுகிறது. உள்பக்கம் தேய்ந்திருந்தால் கால் வளைவு. விற்க வருகிறவர்கள் சந்தைக்கு முந்தின நாள் புது லாடம் கட்டிக் கொண்டுவருவதும் இதனால்தான்.

பிழைதிருத்தி:
நாவலில் இப்படி ஒரு இடம் வருகிறது! ஜட்காக்காரர் குதிரை வாங்கப் போகிறார். விற்பவர் புது லாடத்தைக் காட்டிப் பெருமைப்படுகிறார், இவர் வேண்டாம் என்று திரும்பிவிடுகிறார். ஏன் என்று எழுத்தாளர் சொல்லவே இல்லை. பதிப்பகத்தில் அந்தப் பத்தியை 'தெளிவில்லை' என்று சுழித்து வைத்திருக்கிறார்கள். இப்போது விளங்குகிறது.

குளம்பு டாக்டர்:
அந்தப் பத்தியைத் தொடவே தொடாதீர்கள். அவருக்குக் குதிரை தெரிந்திருக்கிறது.

பிழைதிருத்தி:
பதிப்பகத்துக்கு எழுதிவிட்டேன். இப்படி: பொதுவாகச் சொல்லும் இடங்களில் 'லாடம் கட்டினான்' அப்படியே இருக்கட்டும். பட்டறைக் காட்சியில் மட்டும், ஆணியும் சுத்தியலும் கண்ணில் படுகிற வரியில், 'அடித்தான்' வரலாம், அதுவும் எழுத்தாளர் சம்மதித்தால். காவல் நிலையத்தில் 'கட்டிருவேன்' மாறக் கூடாது. சுழித்த பத்தியைச் சுழிக்காமல் விட வேண்டும்.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். லாடம் கட்டுபவரை என்னவென்று எழுதுவது? நாவலில் ஓர் இடத்தில் 'கொல்லர்', ஓர் இடத்தில் 'லாடக்காரர்' என்று இருக்கிறது. ஒரே ஆளா, இரண்டு ஆளா?

தாராபுரத்தான்:
எங்கள் பக்கம் இரண்டு ஆள். இரும்பை அடித்துத் தகடு செய்து கொடுப்பவர் கொல்லர். அதை வாங்கி வைத்துக்கொண்டு சந்தை சந்தையாகப் போய்க் கட்டுபவர் லாடக்காரர். சில ஊரில் ஒருவரே இரண்டும் செய்வார்.

ஒத்தக்கடை:
மதுரையிலும் அப்படித்தான் கேள்வி. லாடக்காரரில் முஸ்லிம்கள் நிறையப் பேர், 'பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள். நாவலில் அவருக்குப் பெயர் என்ன?

பிழைதிருத்தி:
பெயர் இல்லை. "பாய், இந்த லாடம் ஒரு மாசம் தாங்குமா?" என்று ஜட்காக்காரர் கேட்கிறார். "உன் குதிரை தாங்குனா லாடம் தாங்கும்" என்கிறார் அவர். அவ்வளவுதான் அவருக்கு வசனம்.

ஓசூர்க்காரன்:
புத்தகம் வந்ததும் பெயரைச் சொல்லுங்கள், வாங்குகிறேன்.